எங்கே கிடந்தது?

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. மருத்துவர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். அப்போது டெலிபோன் மூலம் பேர் வாங்கியிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், குண்டு எங்கே இருக்கிறது என்பதைக் காதால் கேட்டே சொல்லும் கருவி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு வந்தார். உள்நாட்டுப் போரில் குண்டு வாங்கி, அதை உடம்பிலேயே வைத்துக்கொண்டு நடமாடிய பழைய சிப்பாய்களிடம் அதைச் சோதித்துப் பார்த்திருந்தார். அவர்களிடம் அது சரியாகவே வேலை செய்தது.

அதிபரிடம் செய்யவில்லை. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிளிஸ் பிடிவாதமாக இருந்ததால், பெல்லால் வலப்பக்கத்தை மட்டுமே தேட முடிந்தது. போதாக்குறைக்கு, மெத்தைக்குள் இரும்புக் கம்பிகள் இருந்தன. எங்கே வைத்தாலும் ஏதோ ஓர் ஓசை. செப்டம்பர் 19-ஆம் தேதி அதிபர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

மெட்டல் டிடெக்டர் என்ற கருவியின் கதை இப்படி ஒரு துப்பாக்கிக் குண்டைத் தேடித் தோற்றதில் தொடங்குகிறது. நமக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கோயில் வாசலிலும் மால் வாசலிலும் நம்மைத் தடவிப் பார்க்கும் கைக்கருவிதான் நினைவுக்கு வரும். முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ கேட்டால், கண்ணிவெடி அகற்றும் பணியாளர் முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாக நகர்வதைச் சொல்வார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது சனி ஞாயிறு பொழுதுபோக்கு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பூங்காவிலும் கடற்கரையிலும் உழுத வயலிலும் நடப்பார்கள். பழைய காசு, பித்தான், ஈயக் குண்டு ஏதாவது கிடைக்கும். அதைக் கண்டால் தொல்லியலாளர்களில் பலருக்குக் கோபம் வரும். ஏன் அந்தக் கோபம், அது எவ்வளவு நியாயம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கருவி. குச்சியின் முனையில் தட்டு மாதிரி இருக்கும் பகுதிக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதற்கு ‘காயில்’ என்று பெயர். அதில் மின்சாரம் மாறிமாறி ஓடும்போது, அடியில் ஒரு காந்தப்புலம் எழுந்து எழுந்து அடங்கும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதற்குள்ளேயே குட்டிக் குட்டி மின்சுழல்கள் கிளம்பும். அவை தம் பங்குக்கு ஓர் எதிர்க் காந்தப்புலத்தை எழுப்பும். அதை இன்னொரு சுருள் பிடித்துக் காதுக்கு ஓசையாகக் கொடுக்கும். அவ்வளவுதான். ஒரு ரூபாய் அளவுக் காசு என்றால் ஒரு சாண் ஆழம், மண் ஒத்துழைத்தால் கொஞ்சம் கூட. பூமிக்கடியில் பத்தடியில் தங்கக் குடம் இருப்பதைக் காட்டும் என்று சொல்லி விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

பெரும்பாலான கருவிகளில் இரும்பு உறுமும், வெள்ளியும் செம்பும் கீச்சென்று உயர்ந்த சுதியில் பேசும். சிக்கல் நடுவில் இருக்கிறது. ஈயக் குண்டு, மெல்லிய தங்க மோதிரம், குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையம் மூன்றும் ஏறக்குறைய ஒரே சுதியில் ஒலிக்கும். பூங்காக்களில் அந்த வளையங்கள் ஆயிரக்கணக்கில் புதைந்து கிடக்கின்றன. சலித்துப்போய் அந்தச் சுதியையே கருவியில் அணைத்து வைத்தால் மோதிரமும் போச்சு, குண்டும் போச்சு. அணைக்காவிட்டால் நாள் முழுக்கக் குப்பை பொறுக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் பொறுமைசாலிகள் மட்டுமே மிஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் உலகப்போரில் யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி ஸ்காட்லாந்தில் இருந்தபடி கையில் எடுத்துப்போகக்கூடிய, கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கும் கருவியை வடிவமைத்தார். 1942-இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை அதைப் பயன்படுத்தியது. போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய இத்தகைய கருவிகள் மலிவு விலைக்கு வெளியே வந்தன. அமெரிக்காவில் அதை வாங்கியவர்கள் வர்ஜீனியா பக்கம் போனதில் வியப்பில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அதிகம் ரத்தம் சிந்திய மண் அது. காலால் கிளறினாலே ஈயம் வரும் என்ற நிலை.

அங்கே கிடைக்கும் குண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பிரெஞ்சு அதிகாரி மினியே பெயரால் அழைக்கப்படும் குண்டு அது. கட்டைவிரல் நுனி பருமனில் கூம்பு வடிவம், அடிப்பக்கம் குழிவு, இடுப்பில் மூன்று வரிகள். நூற்றைம்பது ஆண்டு மண்ணில் கிடந்த ஈயம் கறுப்பாக இருக்காது. சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை படிந்திருக்கும். சுட்ட குண்டு என்றால் துப்பாக்கிக் குழலின் உள்வரிகள் அதன் இடுப்பில் பதிந்திருக்கும். எலும்பிலோ மரத்திலோ மோதியிருந்தால் காளான்போல விரிந்திருக்கும். சுடாத குண்டு வடித்தது வடித்தபடியே இருக்கும். கை நடுங்கிக்கொண்டே துப்பாக்கியை நிரப்பிய யாரோ ஒருவரிடமிருந்து நழுவியது அது.

சில குண்டுகளில் பல் தடம் இருக்கும். மயக்க மருந்து இல்லாமல் காலை அறுத்தபோது சிப்பாய் கடித்தது என்று சொல்லி அதைக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். ஆராய்ந்து பார்த்தால் பெரும்பாலும் பன்றி மென்றது, எலி கொறித்தது. மயக்க மருந்து அந்தப் போரில் பரவலாகவே இருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது செதுக்கிய குண்டுகள்தான். முகாமில் பொழுது போகாமல் சிப்பாய்கள் ஈயத்தைக் கத்தியால் சீவிச் சதுரங்கக் காய்களும் தூண்டில் எடைகளும் செய்திருக்கிறார்கள்.

இப்போது அந்த வெள்ளை படிந்த குண்டு சட்டைப்பைக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். அது போலவே லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டிருக்கின்றன, அருங்காட்சியகங்களில் கொட்டிக் கிடக்கின்றன. அப்படியானால் என்ன நஷ்டம்? நியாயமான கேள்விதான். அமெரிக்கச் சட்டமே இந்தக் கேள்வியில் தடுமாறியிருக்கிறது.

1979-இல் அங்கே தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மத்திய அரசு நிலத்தில் நூறாண்டுக்கு மேல் பழமையான தொல்பொருளை அனுமதியின்றி எடுத்தால் சிறை வரை போகலாம். அதே சட்டத்தில் ஒரு வினோதமான வரி இருக்கிறது. தொல்பொருள் என்ற வரையறைக்குள் வராத கல், காசு, துப்பாக்கிக் குண்டு, கனிமம் ஆகியவற்றைச் சொந்த விருப்பத்துக்காகச் சேகரிப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அந்த வரி. காசையும் குண்டையும் பெயர் சொல்லி விட்டுவைத்திருக்கிறார்கள். பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதன் விதிமுறைகளில் வருகிறது. அந்தக் காசோ குண்டோ வேறு தொல்பொருள்களோடு நேரடித் தொடர்பில் கிடந்தால் விலக்கு கிடையாது. அதாவது அது என்ன பொருள் என்பதை மட்டும் பார்த்துச் சட்டம் முடிவு சொல்லவில்லை. அது எங்கே, எதன் பக்கத்தில் கிடந்தது என்று கேட்கிறது.

தேசியப் பூங்காக்களில் இந்த வழவழா கிடையாது. அங்கே மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். பெரிய போர்க்களங்கள் பல தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. நகராட்சிப் பூங்காக்களுக்கும் மாநிலக் கடற்கரைகளுக்கும் ஊருக்கு ஒரு விதி. ‘பொது இடம்தானே, எல்லோருக்கும் சொந்தம்தானே’ என்று பேசுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்லோருக்கும் சொந்தம் என்றால் யாரும் தனியாக எடுத்துப்போக முடியாது என்றும் பொருள்.

வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊரைச் சுற்றி 1864-65-இல் ஒன்பது மாதத்துக்கு மேல் முற்றுகை நடந்தது. அந்தப் போர்க்களப் பூங்காவில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் திருட்டுத்தனமாகத் தோண்டியிருந்தார். பிடிபட்டபோது ஆயிரக்கணக்கான குண்டுகள் இருந்தன. அவரை மாட்டிவிட்டதில் அவருடைய டைரிக்குப் பெரிய பங்கு உண்டு. என்றைக்குப் போனார், என்ன கிடைத்தது என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார் மனிதர். திருடுவதில் இவ்வளவு பதிவு ஒழுக்கம் இருந்தவர் அதை நேர்வழியில் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. யோசிக்கத் தேவையில்லை, அதே கருவியால் அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மொன்டானா மாநிலம், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. 1876 ஜூன் 25-ஆம் தேதி லகோட்டா, செயென், அரபாஹோ என்ற பூர்வகுடி வீரர்கள் கஸ்டர் என்ற அமெரிக்கத் தளபதியோடு வந்த சுமார் 210 பேரை ஒருவர் மிச்சமில்லாமல் அழித்த இடம். கஸ்டரோடு நின்றவர்களில் கதை சொல்ல யாரும் உயிரோடு இல்லை. எதிர்ப்பக்கம் போரிட்டவர்கள் சொன்னார்கள், ஆனால் அமெரிக்காவின் காதில் அது விழவில்லை. குன்றின் உச்சியில் வட்டமாக நின்று கடைசிக் குண்டு வரை போராடி மாண்ட வீரர்கள் என்ற சித்திரம்தான் நூறாண்டுக்கு மேல் ஓவியங்களில் தொங்கியது.

1983 ஆகஸ்டில் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்தது. புதர் எல்லாம் எரிந்து தரை மொட்டையாகத் தெரிந்தது. 1984-லும் 85-லும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரு தொல்லியலாளர்கள் அங்கே இறங்கினார்கள். கூடவே அழைத்துக்கொண்டது யாரை என்றால், தொல்லியலாளர்கள் வழக்கமாக விரட்டும் அதே மெட்டல் டிடெக்டர் ஆட்களை. தன்னார்வலர்களாக வந்த அவர்கள் சில மீட்டர் இடைவெளியில் வரிசை கட்டி நடந்தார்கள். ஓசை கேட்டால் தோண்டக்கூடாது, கொடி நடவேண்டும். பின்னால் ஒரு குழு வந்து மெல்ல மண்ணை விலக்கும். பொருளை எடுக்காமல் அப்படியே விட்டுவைக்கும். அடுத்த குழு அளவைக் கருவியோடு வந்து அது கிடந்த புள்ளியையும் ஆழத்தையும் குறிக்கும். எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்பது உட்பட. அதற்கப்புறம்தான் பொருள் பைக்குள் போகும்.

ஆயிரக்கணக்கான பொருள்கள் இப்படி வரைபடத்தில் ஏறின. வெற்றுத் தோட்டா உறையின் பின்புறத்தில் துப்பாக்கியின் ஊசி அடித்த தடம் இருக்கும். துப்பாக்கிக்குத் துப்பாக்கி அது கைரேகைபோல மாறும். போலீஸ் ஆய்வகத்தில் கொலை வழக்குக்குச் செய்வதை இவர்கள் நூறாண்டு பழைய போருக்குச் செய்தார்கள். ஒரே துப்பாக்கியின் உறைகள் முதலில் ஒரு மேட்டிலும் பிறகு வேறொரு சரிவிலும் கிடந்தன. அந்த ஆள் எந்த வழியாக நகர்ந்தார் என்று கோடு போட முடிந்தது.

அந்தக் கோடுகள் ஓவியத்தைக் கலைத்துவிட்டன. படைவீரர்களிடம் இருந்தது ஒரு தடவைக்கு ஒரு குண்டு போடும் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி. எதிர்ப்பக்கத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் அடுத்தடுத்துச் சுடும் ஹென்றி, வின்செஸ்டர் ரகங்களும் அடக்கம். படைவீரர்களின் உறைகள் தொடக்கத்தில் ஒழுங்கான வரிசையில் கிடந்தன. போகப்போக அந்த ஒழுங்கு சிதறி, கும்பல் கும்பலாகி, பிறகு மிகக் குறைந்துவிட்டது. அணி குலைந்து, பயந்து, ஓடியிருக்கிறார்கள் என்பதுதான் ஃபாக்ஸின் வாசிப்பு. செயென், லகோட்டா முதியவர்கள் அன்றே சொன்னதோடு அது பெரும்பாலும் ஒத்துப்போனது.

இந்த உறைகள் எதற்கும் சந்தையில் பெரிய விலை கிடையாது. தீப்பிடிப்பதற்கு முந்திய நூறாண்டில் நினைவுப் பொருளாக எத்தனையோ பேர் பொறுக்கிப் போயிருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கோட்டில் ஒரு புள்ளியை அழித்துவிட்டுப் போனவர்கள்தான், தெரிந்தோ தெரியாமலோ.

குண்டின் கதை அது. காசும் குண்டும் சேர்ந்து பேசிய இடம் ஜெர்மனியில் இருக்கிறது.

கி.பி. 9-இல் வாருஸ் என்ற ரோமானிய ஆளுநர் 17, 18, 19 என்ற எண் கொண்ட மூன்று லெஜியன் படைகளோடு வடஜெர்மனிக் காட்டு வழியே வந்தார். ரோமானியப் படையிலேயே பணியாற்றிய ஆர்மினியஸ் என்ற ஜெர்மானியன் அவர்களைப் பொறிக்குள் இழுத்து அழித்தான். ‘வாருஸே, என் படைகளைத் திருப்பிக் கொடு’ என்று அகஸ்டஸ் பேரரசர் கதவில் தலையை முட்டிக்கொண்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். சரி, அது எந்த இடம்? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான இடங்களைச் சொல்லிப் புத்தகம் எழுதினார்கள். 1875-இல் டெட்மோல்ட் அருகே ஒரு குன்றின் மேல் ஆர்மினியஸுக்கு மாபெரும் சிலையே எழுப்பிவிட்டார்கள். இடத்தைப் பொறுத்தவரை அது வெறும் நம்பிக்கை.

1885-இல் வரலாற்றாசிரியர் தியோடோர் மொம்சன் சிலைப் பக்கம் போகாமல் வேறோர் இடத்தைக் கைகாட்டினார். ஓஸ்னாப்ரூக் நகருக்கு வடக்கே, கால்க்ரீஸ் என்ற சிற்றூர்ப் பக்கம். காரணம், பழங்காசுகள். அந்த வட்டாரத்து உழவர்கள் ஏர் ஓட்டும்போது கிடைத்த ரோமானியக் காசுகளை உள்ளூர்ப் பண்ணையார் குடும்பம் சேர்த்து வைத்திருந்தது. அவற்றில் அகஸ்டஸ் காலத்துக்குப் பிந்தியது ஏறக்குறைய இல்லை. நல்ல வாதம்தான். ஆனால் போர் நடந்ததைக் காட்டும் ஆயுதம் ஒன்றுகூட இல்லை, ஒரு வணிகர் மூட்டையைத் தவறவிட்டிருக்கலாமே என்று மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள். நூறாண்டு போனது.

1987-இல் டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஓஸ்னாப்ரூக் முகாமுக்கு மாற்றலாகி வந்தார். பொழுதுபோக்கு மெட்டல் டிடெக்டர். அவர் செய்த முதல் காரியம் அந்த ஊர்த் தொல்லியலாளர் வொல்ஃப்காங் ஷ்லூட்டரைப் பார்த்து அனுமதி கேட்டது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ஷ்லூட்டரும் ஆளை விரட்டாமல் எந்தப் பக்கம் தேடலாம் என்று யோசனை சொன்னார். கிளன் பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, முன்பு காசு கிடைத்த வயல்கள் எவை, பழைய பாதை எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்தார். அந்தக் கோடையில் ஒரு வயலில் தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் நூற்றுக்கும் மேல். அவர் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போகவில்லை. தொல்லியல் துறை வந்து அந்த இடத்தைத் திறந்து பார்த்தது.

இருந்தாலும் காசு காசுதான், வணிகர் மூட்டை வாதம் அப்படியே நின்றது. அதை உடைத்தவை அடுத்த ஆண்டு கிளன் கண்டெடுத்த மூன்று சின்ன ஈயத் துண்டுகள். பாதாம் பருப்பு வடிவம், உள்ளங்கைக்குள் அடங்கும். ரோமானியர் கவணில் வைத்து வீசிய குண்டுகள். நம்மூரில் தினைப்புனத்தில் கிளி ஓட்டிய அதே கவண்தான், கல்லுக்குப் பதில் வார்த்த ஈயம். வணிகர் மூட்டையில் கவண் குண்டுக்கு என்ன வேலை? இங்கே ஒரு படை இருந்திருக்கிறது. தோண்டத் தொடங்கினார்கள். ஈட்டி முனை, செருப்பு ஆணி, குதிரைவீரன் அணிந்த இரும்பு முகமூடி என்று வரிசையாக வந்தன. வைக்கோல் திணித்து ஓசை அடக்கிய மணியைக் கழுத்தில் கட்டியிருந்த கோவேறு கழுதையின் எலும்புக்கூடும் கிடைத்தது. மனித எலும்பும் கழுதை எலும்பும் கலந்து புதைத்த குழிகள் கிடைத்தன. அந்த எலும்புகள் சில ஆண்டுகள் வெயிலில் கிடந்து வெளுத்த பிறகே புதைக்கப்பட்டிருந்தன. ஆறு ஆண்டு கழித்து ஜெர்மானிகஸ் என்ற தளபதி வந்து எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் செய்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியதோடு அது பொருந்துகிறது.

காசுகளும் தம் பங்கைச் செய்தன. செம்புக் காசுகள் சிலவற்றில் ‘வி ஏ ஆர்’ என்ற மூன்று லத்தீன் எழுத்துகள் முத்திரையாக அடிக்கப்பட்டிருந்தன. வாருஸின் பெயர்ச் சுருக்கம். அவர் ஜெர்மனிக்கு ஆளுநராக இருந்தது இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டுமே. கி.பி. 9-க்குப் பிந்திய காசு எதுவும் இல்லை. இல்லை என்பதையும் சாட்சியாகக் கொள்ள முடிந்தது, கிடைத்த எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வைத்திருந்ததால். இது வாருஸ் படைதானா, ஆறாண்டு கழித்து வந்த ஜெர்மானிகஸ் படையா என்று இன்னும் சண்டை போடுபவர்கள் உண்டு. அந்தச் சண்டையும் இந்தக் காசுகளையும் குழிகளையும் வைத்துத்தான் நடக்கிறது.

இதே வித்தை இங்கிலாந்திலும் நடந்தது. மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1485-இல் செத்த பாஸ்வொர்த் போர்க்களம் ஒரு குன்றுதான் என்று பார்வையாளர் மையம்கூடக் கட்டியிருந்தார்கள். 2005 முதல் நடந்த மெட்டல் டிடெக்டர் ஆய்வில் முப்பதுக்கு மேற்பட்ட ஈயப் பீரங்கிக் குண்டுகளும், ரிச்சர்டின் சின்னமான பன்றி பொறித்த வெள்ளிப் பதக்கமும் வேறிடத்தில் கிடைத்தன. போர்க்களம் சுமார் மூன்று கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது.

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம் இந்தப் பொழுதுபோக்குக்குக் கொஞ்சம் தாராளம். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கினால் பெரும்பாலான வயல்களில் தேடலாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கூடாது. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, முந்நூறு ஆண்டுக்கு மேல் பழமையான தங்கம், வெள்ளிக் காசு இரண்டு ஒரே இடத்தில் கிடைத்தாலே 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் சந்தை விலையைக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். புதையல் வரையறைக்குள் வராத சில்லறைப் பொருள்களையும் விரும்பிப் பதிவு செய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பொருள்கள் இடக்குறிப்போடு அதில் ஏறியிருக்கின்றன. பக்கத்து அயர்லாந்து நேர் எதிர். 1980-இல் டெரினாஃப்ளான் என்ற பழைய மடத்து மண்ணில் வெள்ளிக் கிண்ணம் தோண்டப்பட்டு வழக்கு இழுத்தடித்த பிறகு, 1987-இல் அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடவே தடை போட்டுவிட்டார்கள்.

எது சரி? எனக்கு இங்கிலாந்து வழியில்தான் சாய்வு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. உழுத வயலின் மேல்மண் ஏற்கெனவே கலைந்தது. ஏரும் டிராக்டரும் அங்கே பொருளை இழுத்துப் போட்டுவிட்டன. உரம் உலோகத்தை அரிக்கிறது. கருவி எட்டும் ஆழமும் ஏர் போகும் ஆழமும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே எடுத்து, எந்த வயலில் எந்த மூலை என்று குறித்துக் கொடுத்தால் இழப்பைவிட ஆதாயம் அதிகம். அதற்குக் கீழே கலையாத மண் தொடங்கும் இடத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

1992-இல் சஃபக் மாவட்டத்தின் ஹாக்ஸ்னி கிராமத்தில் ஓர் உழவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாவெஸ் என்ற நண்பர் மெட்டல் டிடெக்டரோடு தேடப்போனார். வந்தது ரோமானியத் தங்கக் காசும் வெள்ளிக் கரண்டியும். கொஞ்சம் எடுத்ததும் அவர் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து அடுக்குக் குலையாமல் எடுத்தார்கள். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தாலும் எது எந்த அடுக்கில், எதற்குள் எது இருந்தது என்று தெரிந்தது. கிட்டத்தட்ட 15,000 காசுகள். பரிசுத் தொகை 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2015-இல் லெம்ஸ்டர் அருகே இருவர் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். சொல்லவில்லை. சுமார் 300 காசுகள் என்று கணிப்பு. வழக்குக்கு வந்தபோது மீட்க முடிந்தது முப்பதை ஒட்டித்தான். புதையல் முழுதாக இருந்த படங்களைக் கைப்பேசியிலிருந்து அழித்திருந்தார்கள். போலீஸ் அதை மீட்டெடுத்தது. 2019-இல் சிறைத் தண்டனை. மீண்ட சில காசுகளில் அக்கால இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரெடும் மெர்சியா அரசர் கியோல்வுல்ஃபும் அக்கம்பக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். பொம்மை அரசன் என்று பிற்கால ஏடுகள் ஒதுக்கிய கியோல்வுல்ஃபை ஆல்ஃபிரெட் கூட்டாளியாக நடத்தியிருக்கிறார் என்று அது காட்டுகிறது. மிச்சக் காசுகள் என்ன சொல்லியிருக்கும் என்பது விற்றவர்களோடு போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை, குண்டு தேடுபவர்களுக்கு. பழைய பீரங்கிக் குண்டு செத்த பாம்பு இல்லை. 2008-இல் வர்ஜீனியாவில் ஒரு சேகரிப்பாளர் உள்நாட்டுப் போர்க் குண்டு ஒன்றை வீட்டு வாசலில் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அது வெடித்து அந்த இடத்திலேயே இறந்தார். ஈழத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றவில்லை. காசு தேடுவது மட்டும் நீண்ட நாளாக உண்டு. கருவி, சல்லடை. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துத்தான் சேரர் காசுகள், ரோமானியக் காசுகள், கிரேக்கக் காசுகள் வரை வெளியே வந்தன. பாத்திரக் கடை, பழம்பொருள் வியாபாரி, சேகரிப்பாளர் என்று கைமாறி ஆய்வாளரிடம் வரும். நம் சங்ககால நாணயவியலில் பெரும்பகுதி இப்படி வந்த காசுகளின் மேல் நிற்கிறது. அந்தச் சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பல காசுகள் உருக்கும் பட்டறைக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை.

சட்டம் என்று பார்த்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! அன்றைக்கு அது பெரிய தொகை. ஆற்று மணலில் காலணா அகலத்துக்கு ஒரு செம்புத் துண்டு பொறுக்கியவர் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் போய் நிற்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

பழனி அருகே பொருந்தலில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். பானைக்குள் நெல் இருந்தது. அதே கல்லறையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த புரிமனையும், அதாவது பானையைத் தாங்கும் வளையமும், இருந்தது. நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வகம் சொன்னது. அந்த எழுத்தையும் அவ்வளவு முன்னே கொண்டுபோகலாமா என்று விவாதம் நடக்கிறது. விவாதிக்க ஒரு தேதியாவது கையில் இருக்கிறது, நெல்லும் எழுத்தும் ஒன்றாகக் கிடந்ததால்.

அமராவதி மணலில் வந்த வெள்ளிக் காசு ஒன்றில் ஓர் ஆண் முகமும், மேலே தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயரும் இருக்கின்றன. சேர அரசன். அது எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓட்டின் பக்கத்தில் கிடந்தது என்று குறித்தவர் இல்லை. ஆற்று வெள்ளம் ஒரு பக்கம் புரட்டியது, சல்லடை மறுபக்கம் புரட்டியது. அதனால் மாக்கோதை எந்தக் காலத்தவர் என்று தெரிந்துகொள்ள, ஆய்வாளர்கள் அவர் முகத்தை ரோமானியப் பேரரசர்களின் காசு முகங்களுக்குப் பக்கத்தில் வைத்து மூக்கையும் முடியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.